ஏற்காட்டில் எவ்வளவு, ஓமலூரில் எவ்வளவு? மழையை அளந்த கதை

மழை பெய்த மறுநாள் செய்தித்தாளின் சேலம் பதிப்பைப் புரட்டினால், ஒரு மூலையில் சின்னப் பட்டியல் ஒன்று இருக்கும். மாவட்டத்தில் பெய்த மழை அளவு, மில்லிமீட்டரில் என்று தொடங்கி ஏற்காடு, டேனிஷ்பேட்டை, ஓமலூர், மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி, ஆத்தூர், தம்மம்பட்டி என்று ஊர்ப் பெயர்களும் பக்கத்தில் எண்களும் வரிசையாக இருக்கும். பல நாட்களில் முதலிடம் ஏற்காட்டுக்குத்தான். சினிமா செய்திக்கும் தங்கம் விலைக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பட்டியலை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

ஆனால் இந்த எண்களுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. அதில் ராஜாக்கள் வருகிறார்கள், வரி வசூலிப்பவர்கள் வருகிறார்கள், காப்பித் தோட்டக்காரர்கள் வருகிறார்கள், லட்சக்கணக்கான மக்களைப் பலி வாங்கிய ஒரு பஞ்சமும் வருகிறது. மழையை ஏன் அளந்தார்கள்? எப்படி அளந்தார்கள்? அளந்து என்ன செய்தார்கள்? வரிசையாகப் பார்ப்போம்.

மலையும் சமவெளியும்

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சேலத்துக்கு வடக்கே எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. அதன் மேல் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. மலைக்கு மேற்கே, சமவெளியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் ஓமலூர். ஓமலூரில் நின்று கிழக்கே பார்த்தால் மலை தெரியும். அவ்வளவு பக்கம்தான். ஆனால் மழைக் கணக்கில் இரண்டும் வேறு வேறு உலகம்!

சேலம் சமவெளியில் வருடத்துக்கு ஏறத்தாழ 900 மி.மீ. மழை. ஏற்காட்டில் ஏறத்தாழ 1500 மி.மீ. காரணம் எளிது. ஈரக் காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, மழையாகக் கொட்டிவிடுகிறது. அடிவாரத்தில் வெயிலடிக்கும்போதே மேலே மேகம் மூடிக்கொண்டிருப்பதை அந்தப் பக்கத்து மக்கள் நிறையப் பார்த்திருப்பார்கள்.

மலையில் பெய்தது மலையிலேயே நிற்பதில்லை. சேர்வராயன் மலையில் பிறக்கும் சரபங்கா ஆறு ஓமலூர் வழியாக ஓடி, எடப்பாடியைத் தாண்டிக் காவிரியில் கலக்கிறது. வருடம் முழுவதும் தண்ணீர் ஓடுகிற ஆறு அல்ல இது. மலையில் நல்ல மழை என்றால் ஆற்றில் வெள்ளம், ஏரிகளுக்குத் தண்ணீர், கிணறுகளில் ஊற்று. மலையில் மழை இல்லை என்றால் வெறும் மணல். காவிரி பக்கத்தில் மேட்டூரில் ஓடினாலும் அது தாழ்வில் ஓடுகிறது. மேட்டூர் அணையின் உபரி நீரைப் பம்பு வைத்து ஏற்றி, சரபங்கா வடிநிலத்தில் இருக்கும் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டத்தின் முதல் கட்டம் 2021-ல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஆக, இந்த ஊர்க்காரர்களின் பிழைப்பு நூற்றாண்டுகளாக இரண்டு மழைகளை நம்பி இருந்தது: தலைக்கு மேல் பெய்யும் மழை, மலைக்கு மேல் பெய்யும் மழை.

கருவி வருவதற்கு முன்

மழைமானி வருவதற்கு முன்னால் நம் ஆட்கள் மழையை அளக்கவே இல்லையா? அளந்தார்கள். வேறு வழியில் அளந்தார்கள்.

உழவர்கள் வானத்தைப் பார்த்து அளக்கவில்லை, மண்ணைப் பார்த்து அளந்தார்கள். மழை விட்டதும் நிலத்தைக் கிளறி ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஏர் பூட்டும் அளவுக்கு ஈரம் இருந்தால் அது 'ஒரு உழவு மழை'. இந்தப் பேச்சு இன்றும் கிராமங்களில் இருக்கிறது. முற்றத்தில் கிடக்கும் உரலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வதும் உண்டு.

ஒரு விவசாயிக்கு இது போதும். சொல்லப்போனால் மில்லிமீட்டரை விட இதுதான் அவருக்கு உபயோகம். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. செம்மண்ணில் ஈரம் இறங்குவது வேறு, கரிசலில் இறங்குவது வேறு. ஒரு வீட்டு உரல் போல இன்னொரு வீட்டு உரல் இருக்காது. அதனால் ஓர் ஊர் மழையை இன்னோர் ஊர் மழையோடும், இந்த வருட மழையைப் பத்து வருடத்துக்கு முந்தைய மழையோடும் ஒப்பிட முடியாது.

பஞ்சாங்கத்திலும் மழைக் கணக்கு உண்டு. இந்த வருடம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு, நிலத்துக்கு இத்தனை பங்கு என்று வருடம் பிறக்கும்போதே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். இதை முன்கணிப்பு என்று சொல்லலாமே தவிர அளவீடு என்று சொல்ல முடியாது. ஆனாலும் மலைக்கு ஒரு பங்கு, நிலத்துக்கு ஒரு பங்கு என்று தனித்தனியாகப் பிரிக்கத் தோன்றியிருக்கிறதே, அது கவனிக்க வேண்டிய விஷயம்.

உண்மையிலேயே பாத்திரம் வைத்து மழையை அளந்ததற்கு மிகப் பழைய சான்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் இருக்கிறது. தானியக் கிடங்கின் முன்னால் ஒரு முழ அளவு வாயுள்ள தொட்டியை வைத்து மழையை அளக்க வேண்டும் என்கிறது அந்த நூல். வறண்ட நாட்டுக்கு 16 துரோணம், ஈரமான நாட்டுக்கு 24 துரோணம் என்று அளவும் கொடுக்கிறது. அதோடு நிற்கவில்லை. மழைக்காலத்தின் முதல் மாதத்திலும் கடைசி மாதத்திலும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கும், நடு இரண்டு மாதங்களில் மூன்றில் இரண்டு பங்கும் பெய்தால் அது நல்ல மழை என்கிறது. அதாவது மொத்தம் எவ்வளவு என்பதோடு எந்த மாதத்தில் எவ்வளவு என்பதும் முக்கியம் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது!

தொட்டியை எங்கே வைத்தார்கள் என்பதையும் பாருங்கள். கோயிலில் இல்லை, வயலில் இல்லை, அரசாங்கத்தின் தானியக் கிடங்கில். மழை எவ்வளவு என்று தெரிந்தால் விளைச்சல் எவ்வளவு என்று தெரியும். விளைச்சல் தெரிந்தால் வரி எவ்வளவு என்று தெரியும். மழையை அளப்பதும் வரி வாங்குவதும் அன்றிலிருந்தே ஒட்டிப் பிறந்தவை.

கொரியாவிலும் இதே கதைதான். 1441-ம் ஆண்டு செஜோங் மன்னர் காலத்தில் மழை அளக்கும் கருவி செய்யப்பட்டு, அடுத்த ஆண்டு நாடு முழுவதும் ஊர்களுக்கு அனுப்பப்பட்டது. அங்கேயும் நில வரி இதில் சம்பந்தப்பட்டிருந்தது.

கும்பினியார் வந்தார்கள்

1792-ல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கைப்படி சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. முதல் கலெக்டராக வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை கவர்னர் ஆனவர். இவர்கள் இந்தப் பகுதியில் நிலங்களை அளந்து, ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாக வரி வாங்கும் முறையை உருவாக்கினார்கள். ரயத்துவாரி என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அது வளர்ந்த மண் இது.

வரி பணமாகக் கட்ட வேண்டும். தொகை முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. ஆனால் மழை யாருக்கும் தீர்மானிக்கப்பட்டதல்ல! மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை, விளைச்சல் இல்லாவிட்டாலும் வரி உண்டு. கலெக்டர் மனது வைத்துத் தள்ளுபடி கொடுத்தால்தான் உண்டு. தள்ளுபடி கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய அரசாங்கத்துக்கு ஆதாரம் வேண்டும். அதனால் மழைக்கணக்கு வருவாய்த் துறையின் வேலைகளில் ஒன்றாக ஆனது. இன்றும் தாலுகா அலுவலக வளாகங்களில் மழைமானி நிற்பதற்குக் காரணம் இந்தப் பழைய உறவுதான். வருவாய்க் கணக்கின் ஆண்டான பசலி ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையின் பெரும்பகுதியும் அதற்குள் வந்துவிடும்.

அதே 1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கம்பெனி ஒரு வான் ஆய்வுக்கூடத்தை அமைத்தது. நட்சத்திரம் பார்க்கக் கட்டியதுதான். ஆனால் அங்கே வெப்பநிலையும் காற்றழுத்தமும் மழையும் குறிக்க ஆரம்பித்தார்கள். சென்னையின் மழைக்கணக்கு 1813-ல் இருந்து கிடைக்கிறது. இந்தியாவின் மிக நீண்ட மழைப் பதிவுகளில் அதுவும் ஒன்று.

காப்பி கேட்கும் கணக்கு

மலை மேலே வேறு ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியையும் பலவகைப் பழ மரங்களையும் கொண்டு வந்து வைத்தார். மெல்ல மெல்லக் காப்பித் தோட்டங்கள் பெருகின. அதற்கு முன்பே பல தலைமுறைகளாக மலையில் வாழ்ந்து வந்த மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு விதைத்துக் கொண்டிருந்தார்கள். (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கேரளத்துக்காரர்கள் என்று பொருளில்லை, மலையை ஆள்பவர்கள் என்று பொருள். அவர்கள் பேசுவது தமிழ்.)

காப்பிக்கு மழை ரொம்ப நுணுக்கமாக வேண்டும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மொட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும். மார்ச் அல்லது ஏப்ரலில் சுமார் ஓர் அங்குலம் மழை ஒரே மூச்சாகப் பெய்தால், அடுத்த பத்து நாளுக்குள் தோட்டம் முழுவதும் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். தூறலோடு நின்றுபோனால் மொட்டு அரைகுறையாக விரிந்து கருகும். பூத்த அன்றே மழை கொட்டினால் மகரந்தம் அடித்துக்கொண்டு போகும். பூத்துச் சில வாரங்களில் இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். ஆக, ஒரு வருட விளைச்சலின் தலையெழுத்து இரண்டு மழைகளில் இருக்கிறது.

இதனால்தான் காப்பித் தோட்டங்களில் மழைமானி வைத்து நோட்டுப் புத்தகத்தில் தினமும் குறிக்கும் பழக்கம் வளர்ந்தது. அங்குலம், சென்ட் என்று கணக்கு. ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், அதாவது கால் மில்லிமீட்டர். தாலுகா அலுவலகத்தில் மழை அளந்தது வரிக்காக. தோட்டத்தில் அளந்தது பூவுக்காக!

மலைத் தோட்டத்தில் வருட மொத்தத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 1500 மி.மீ. பெய்தது, ஆனால் மார்ச், ஏப்ரலில் ஒன்றுமில்லை என்றால் அந்த வருடம் தோட்டக்காரருக்கு வறட்சி வருடம்தான். மாதவாரியாகக் கணக்கு எடுப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது.

1876: இரண்டு மழையும் தவறிய ஆண்டு

சேலம் பகுதிக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. தமிழ்நாட்டின் கடலோரத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் எல்லாம். சேலத்துக்கோ இரண்டு பருவமழையிலும் பங்கு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. இது போக ஏப்ரல், மே மாதங்களில் இடியோடு கோடை மழை. செப்டம்பர், அக்டோபரில் மழை உச்சத்துக்குப் போகும். ஜனவரி, பிப்ரவரியில் அனேகமாகப் பூஜ்யம். ஒன்று ஏமாற்றினாலும் இன்னொன்று கை கொடுக்கும் என்பதுதான் இந்தக் கணக்கில் இருக்கும் நம்பிக்கை.

1876-ல் அந்த நம்பிக்கை உடைந்தது. தென்மேற்குப் பருவமழை குறைந்தது. வடகிழக்கு வந்து காப்பாற்றும் என்று காத்திருந்தார்கள். அதுவும் வரவில்லை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் காய்ந்தே போயின. சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் சொல்கிறார்களே, அது இதுதான்.

அப்போது மழைக்கணக்கு இருந்தது. அதிகாரிகளின் மேசைக்கு மாதாமாதம் எண்கள் போய்க்கொண்டிருந்தன. டிசம்பர் முடிவதற்குள்ளேயே இது சாதாரண வறட்சி இல்லை என்று தெரிந்துவிட்டது. சேலம் வழியாக ரயில் பாதையும் இருந்தது. தானியம் கொண்டு வர வழியும் இருந்தது. தெரியாததால் வந்த சாவு அல்ல அது.

வைஸ்ராய் லிட்டன் அரசாங்கம் செலவைக் குறைப்பதில்தான் குறியாக இருந்தது. 1877 ஜனவரியில் வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவர்களின் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் (சுமார் 450 கிராம்) வாங்கும் அளவுக்கும் அதோடு கொஞ்சம் சில்லறைக்கும் வெட்டினார். நாள் முழுக்கக் கல் உடைப்பவனுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் டபிள்யூ.ஆர். கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்கள் கழித்துத்தான் கூலி கொஞ்சம் உயர்ந்தது. அதற்குள் பசியும் காலராவும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன.

1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அன்றைய சேலம் மாவட்டத்தில் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் சேர்ந்தது) சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். பத்து வருடம் கழித்து 1881-ல் எண்ணியபோது சுமார் 16 லட்சம் பேர்தான் இருந்தார்கள். கூடியிருக்க வேண்டிய மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இதில் செத்தவர்களும் உண்டு, இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் வேறு ஊர்களுக்கும் பிழைக்கப் போனவர்களும் உண்டு. தென்னிந்தியா முழுவதும் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது.

மழைமானியில் இருந்த பூஜ்யம் ஒரு மாதத்தின் மழையைச் சொன்னது. அதைப் படித்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை மக்கள்தொகைக் கணக்கு சொன்னது.

சூரியனில் புள்ளி தேடியவர்கள்

பஞ்சம் நடந்துகொண்டிருக்கும்போதே, மழை ஏன் தவறியது என்று கண்டுபிடிக்க ஒரு முயற்சி நடந்தது. டபிள்யூ.டபிள்யூ. ஹண்டர் என்ற அதிகாரி 1813 முதலான சென்னை மழைக்கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளோடு ஒப்பிட்டார். சூரியப் புள்ளிகள் சுமார் 11 வருடத்துக்கு ஒரு முறை கூடிக் குறையும். புள்ளி குறையும்போது மழையும் குறைகிறது, பஞ்சம் வருகிறது என்று 1877-ல் எழுதினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே ஓர் ஊரின் கணக்கை வைத்து ஒரு நாட்டின் மழையைச் சொல்ல முடியுமா? பின்னால் வந்தவர்கள் சோதித்துப் பார்த்தபோது அந்த உறவு நிற்கவில்லை. நிறைய ஊர்களின் கணக்கு, ஒரே மாதிரி அளந்த கணக்கு, நீண்ட காலக் கணக்கு வேண்டும் என்பது தெளிவாயிற்று.

1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டிருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. நாடு முழுவதும் சிதறிக் கிடந்த மழைக்கணக்குகளைத் திரட்டுவது அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது. 1886-ல் அவர் பருவமழையைப் பற்றிய முதல் முறையான முன்னறிவிப்பை வெளியிட்டார். எல்லா இடத்திலும் ஒரே வகைக் கருவி, காலையில் ஒரே நேரம் என்ற ஒழுங்கும் படிப்படியாக வந்தது.

அடுத்து வந்தவர்களில் முக்கியமானவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை துறையின் தலைவர். அடிப்படையில் கணித மேதை. (1913-ல் சென்னைக்கு வந்தபோது ஈரோட்டில் பிறந்த ஒரு துறைமுகக் குமாஸ்தாவின் கணக்குகளைப் பார்த்து அசந்துபோய், இவருக்கு உதவ வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவர் இவர்தான். அந்தக் குமாஸ்தா ராமானுஜன்!) வாக்கர் உலகம் முழுவதும் இருந்து மழை, வெப்பம், காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பசிபிக் பக்கம் அழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது, ஊஞ்சல் மாதிரி, என்று கண்டார். அதற்குத் தென் அலைவு என்று பெயர் வைத்தார். எல் நினோ என்று இன்று செய்திகளில் அடிபடுவதன் மறு பாதி அது.

1877-ல் மிகக் கடுமையான எல் நினோ இருந்தது என்று இன்றைய விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். இதில் சேலத்துக்கு ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறைகிறது. ஆனால் அதே ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை கூடும் வாய்ப்பு அதிகம். லா நினா என்றால் வடகிழக்கு குறையும் வாய்ப்பு. ஒரே ஊரின் இரண்டு மழையும் எதிரெதிராக நடந்துகொள்கின்றன! வருட மொத்தத்தை மட்டும் குறித்து வைத்திருந்தால் இரண்டும் கூட்டிக் கழித்து ஒன்றுமே தெரிந்திருக்காது. மாதவாரியாகக் குறித்து வைத்ததால்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது.

எப்படி அளக்கிறார்கள்?

கருவி ரொம்ப எளிது. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில், பக்கத்தில் ஓர் அளவுக் குவளை. இந்தியாவில் நெடுங்காலம் பயன்பட்டது சைமன்ஸ் மழைமானி. இங்கிலாந்தில் 1860 முதல் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களைக் கொண்டு மழைக்கணக்கு திரட்டிய ஜி.ஜே. சைமன்ஸ் பெயரில் வந்தது. புனலின் வாய் 5 அங்குலம் (127 மி.மீ.). வாய் விளிம்பு தரையில் இருந்து ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும். இப்போது கண்ணாடியிழையில் செய்த மழைமானிகளும் தானியங்கிக் கருவிகளும் வந்துவிட்டன.

1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். கேட்கச் சின்னதாக இருக்கும். ஓர் ஏக்கரில் 10 மி.மீ. பெய்தால் சுமார் 40,000 லிட்டர்! லாரியில் வாங்கினால் எத்தனை லாரி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தினமும் காலை 8.30 மணிக்கு அளவு எடுப்பார்கள். நேற்று 8.30 முதல் இன்று 8.30 வரை பெய்தது இன்றைய தேதியில் எழுதப்படும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அக்டோபர் 31 ராத்திரி கொட்டுகிற மழை நவம்பர் கணக்கில் போய்ச் சேரும்! ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது 'மழை நாள்'. மழையே இல்லாத நாளிலும் போய்ப் பார்த்துப் பூஜ்யம் என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்ட நாளுக்கும் மழை இல்லாத நாளுக்கும் பிற்காலத்தில் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

கருவியை வைக்கும் இடமும் முக்கியம். மரத்தடியிலோ சுவர் ஓரத்திலோ வைத்தால் கணக்கு தப்பு. பக்கத்தில் இருக்கும் மரம், கட்டடத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். மலையில் காற்று அதிகம் என்பதால் துளிகள் புனலுக்கு வெளியே அடித்துப் போகும். அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

இன்னொரு சின்னச் சிக்கல் நம் ஊருக்கே உரியது. உழவர்கள் ஆடி, ஆவணி, ஐப்பசி என்று தமிழ் மாதத்தில் கணக்கு வைப்பார்கள். பதிவேடு ஜூலை, ஆகஸ்ட் என்று போகும். ஆடி மாதம் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிவது. எனவே ஆடியில் மழையே இல்லை என்று ஒரு பெரியவர் சொல்வதும், ஜூலையில் சராசரி மழை என்று பதிவேடு சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம்!

மீண்டும் ஒரு 1876

2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 140 வருடத்தில் இவ்வளவு குறைந்ததில்லை என்றார்கள். 140 வருடம் பின்னால் போனால் எந்த வருடம் வருகிறது? அதே 1876! பழைய பதிவுகள் இருந்ததால்தான் இப்படி ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. பயிர்கள் கருகின, விவசாயிகள் ரொம்பவும் கஷ்டப்பட்டார்கள், குடிநீருக்கு அலைந்தார்கள். ஆனால் ஊர் ஊராக மக்கள் பட்டினியில் சாகவில்லை. ரேஷன் கடை இருந்தது, நூறு நாள் வேலை இருந்தது, கேள்வி கேட்கப் பத்திரிகையும் தேர்தலும் இருந்தன. ஏறக்குறைய அதே மழை, ஆனால் முடிவு வேறு. இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பஞ்சத்துக்கு மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பது விளங்கும்.

மாதக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் உள்ளே வந்தபோது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஏற்காட்டில் 20 செ.மீ.க்கு மேல். மலைப்பாதையில் மண் சரிந்தது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் டிசம்பரில் நல்ல மழை என்றுதான் பதிவேட்டில் இருக்கும். அது ஏரியை நிரப்பிய மழையா, கரையை உடைத்த மழையா என்பது நாள் கணக்கைப் பார்த்தால்தான் தெரியும்.

அதே நேரத்தில் மலைக் கணக்கு கீழே இருப்பவர்களுக்கு எச்சரிக்கை மணியாகவும் ஆகலாம். ஏற்காட்டில் ராத்திரி எவ்வளவு பெய்தது என்று உடனுக்குடன் தெரிந்தால், சரபங்கா கரையில் இருப்பவர்கள் காலையில் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போகலாம். ஏரி மதகைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்யலாம். எந்த மாதத்தில் கிணறு வற்றும், எந்தப் பயிர் வைக்கலாம் என்று யோசிக்கலாம்.

இவ்வளவுக்கும் அடிப்படை, தினமும் காலையில் ஒருவர் நடந்து போய்ப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து ஓர் எண்ணை எழுதுவதுதான். தாலுகா அலுவலகங்களிலும் தோட்டங்களிலும் அதை எழுதியவர்கள் பெரும்பாலும் சிப்பந்திகள், குமாஸ்தாக்கள், மேஸ்திரிகள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிளான்ஃபோர்டும் வாக்கரும் அவர்கள் எழுதிய எண்களின் மேல் நின்றுதான் பெரிய விஷயங்களைச் சொன்னார்கள்.

மழையை அளக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. நேரான பக்கங்கள் உள்ள ஒரு டப்பா, ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு, மொட்டை வெளியில் கொஞ்சம் இடம் போதும். பள்ளிக்கூடங்களில் இதை ஒரு வேலையாகவே கொடுக்கலாம். ஏற்காட்டுப் பள்ளி ஒன்றும் ஓமலூர்ப் பள்ளி ஒன்றும் சேர்ந்து பத்து வருடம் மாதாமாதம் கணக்கு வைத்தால், மலைக்கும் ஆற்றுக்கும் இருக்கும் உறவு அந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிடும். பூஜ்யம் வருகிற மாதத்தையும் விடாமல் எழுத வேண்டும். அதை எழுதியதோடு விட்டுவிடாமல், அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று கேட்கவும் வேண்டும். 1876-ல் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.